கறையக்கா அழித்த கோடு

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், கணக்குப் பார்க்கத் தெரியும், ஆளைக் கண்டதும் எடை போடத் தெரியும். மற்றதையெல்லாம் மூன்றாம் வகுப்பைத் தாண்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆற்றுத்துறையில் ஊரார் அழுக்கைக் கல்லில் அடித்துத் துவைத்த இதே கைதான் இன்றைக்கு இந்தச் சலவைக்கூடத்தை நிறுத்தியிருக்கிறது. உள்ளே வந்தால் ஆள் உயரத்துக்கு வாஷிங் மெஷின்கள், சூட்டைக் கக்கும் டிரையர்கள், நீள நீளமாய் இஸ்திரி மேஜைகள். கோட்டு போட்ட ஹோட்டல்காரர்கள் என் படியில் வந்து நிற்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் பெருமைப்படாமல் பின்னே உட்கார்ந்து தின்றவனா படுவான்?

ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. என் கூடத்தில் கறை மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பற்றி.

அவளை எல்லாரும் கறையக்கா என்பார்கள். என்னைவிடச் சின்னவள். துறையில் எனக்கு அடுத்த கல்லில் துவைத்த குடும்பத்துப் பெண். கொத்தனாரைக் கட்டிக்கொண்டு போனாள். அவன் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றபோது எனக்கு இருந்தது ஒரே ஒரு பழைய மெஷின். அண்ணே, வேலை இருக்கா என்றுகூட அவள் கேட்கவில்லை. ஒதுக்கி வைத்திருந்த ஒரு மேஜைவிரிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இது எத்தனை நாள் கறை என்று கேட்டாள். தெரியாது என்றேன். கறைக்கு வயசு தெரியாம எப்படிண்ணே கை வைக்கிறது என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இறக்கி உட்கார வைத்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் பட்டால் பிடித்துக்கொள்ளும். துருவுக்கு ஒன்று, மைக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று. எல்லாம் துறையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவளிடம் கூடுதலாக இருந்தது பிடிவாதம். ஒரு பொட்டு மிச்சமிருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. கல்யாண வீட்டில் பக்கத்தில் இருப்பவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, இது காப்பியா குழம்பா என்று விசாரிப்பாள். ஒரு முறை ஹோட்டல் மானேஜர் ஒருத்தர், விரிப்புகள் நேரத்துக்கு வரவில்லை என்று குதித்துக்கொண்டு வந்தார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவள் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில், சார் அந்த டையைக் கொஞ்சம் கழட்டுங்க என்றாள். மனிதர் வெளுத்த டையோடு திரும்பிப் போனார். எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார். எனக்குச் சண்டை போட வேண்டிய வேலை மிச்சம்.

மகளை அவள் இந்த மூட்டைகளின் பக்கமே விடவில்லை. படிக்க வைத்தாள். கல்லூரிக்கு அனுப்பினாள். பாப்பா விடுதியில் தங்கிப் படித்தது. அதன் கல்லூரிச் சீருடை எங்கள் கூடத்திலேயே வெளுப்பான துணி.

அவள் கையின் அந்த வெளுப்புதான் எங்கள் எல்லாரையும் ஏமாற்றியது.

ஈர விரிப்பு கனமான சாமான். இரண்டு கையாலும் அள்ளித்தான் தூக்க வேண்டும். கறையக்கா இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் இழுப்பதை நான் பல வாரமாய்ப் பார்த்தேன். கூடத்தில் யார் கை எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கேட்டதற்கு, சுளுக்கு என்றாள். இத்தனை காலமாகவா சுளுக்கு என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் கறையக்காவை மடித்த விரிப்புகள் அடுக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

வெளியே வந்தபோது என் வீட்டுக்காரி முகத்தில் ரத்தம் இல்லை. இடது மார்பில் கட்டி. கட்டி உடைந்து புண்ணாகி, நீர் வடிகிறது. அதன் மேல் துணிப்பட்டை வைத்துக் கட்டியிருக்கிறாள். வேலை முடிந்ததும் அந்தப் பட்டைகளை அவளே அலசி, அவளே காயவைத்து, மறுபடி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் ரவிக்கையில் ஒரு கறை காட்டிக் கொடுத்திருக்கும். யாராவது பார்த்துக் கேட்டிருப்பார்கள். இவளுக்குத்தான் கறையே நிற்காதே.

உள்ளூர் டாக்டர் களிம்பு கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். பாப்பா பரீட்சை முடியட்டும் என்று தள்ளியிருக்கிறாள். அப்புறம் அடுத்த பரீட்சை. படுத்துவிட்டால் மகள் படிப்பை விட்டுவிட்டு வந்து மூட்டை பிரிக்க உட்கார்ந்துவிடும் என்கிற பயம். அன்றைக்கு என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு வேலையில அவ போய் உக்கார்ற வரைக்கும் நான் எழுந்து நடமாடணும்ணே. அதுக்கப்புறம் என்ன ஆனாலும் சரி."

புற்றுநோய்க்கென்று இருக்கிற ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒன்றுதான். இரண்டு பஸ் மாறி, பாதிப் பகல் போகும். அங்கே முதல் நாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாளாச்சு என்பது. வாழ்நாளெல்லாம் பிறரிடம் அவள் கேட்ட கேள்வி. பதில் சொல்லத் தலை நிமிரவில்லை.

ஆபரேஷன் ஆனது. மருந்து ஏற்றினார்கள். முடியெல்லாம் உதிர்ந்தது. இனி சீப்பைக் கழுவுற வேலை இல்ல என்று சிரித்தாள். அடுத்தது கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் பாய்ச்சுவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் வர வேண்டும், வாரக்கணக்கில். ஒரு நாள் விட்டாலும் விட்டதுதான்.

வைத்தியத்துக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் தினமும் போய் வருவது யாரால் முடியும்? அங்கேயே தங்கலாம் என்றால் தாழ்வாரத்தில்தான் படுக்க வேண்டும், இடம் பிடிக்கச் சண்டை. எத்தனையோ பேர் ஆபரேஷன் வரை தாக்குப்பிடித்துவிட்டு, இந்தக் கரண்டுக்குப் பயந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போனவர்கள் திரும்புவதில்லை. கரை தெரிகிற இடத்தில் துடுப்பைப் போட்டுவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த ஆஸ்பத்திரியின் விரிப்புகளை வெளுப்பது நான்தான். விடிந்ததும் என் வேன் வெளுத்ததை ஏற்றிக்கொண்டு போகும், மத்தியானம் அழுக்கை ஏற்றிக்கொண்டு வரும். வேனுக்குள் இரும்புத் தடுப்பு வைத்து, முன்பக்கம் ஒரு பெஞ்சு வெல்டிங் செய்ய வைத்தேன். ஆளுக்கு ஒரு பக்கம், அழுக்குக்கு ஒரு பக்கம். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கறையக்கா பரிசோதனைகளுக்கு அதில்தான் போய்வந்தாள். வழியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் தொண்டையில் கட்டுப் போட்டவர், தலையில் துணி சுற்றியவள் என்று கண்டால் வண்டியை நிறுத்தச் சொல்லுவாள். டிரைவர் முதலில் முறுக்கிக்கொண்டான். இது சலவை வண்டியா வார்டா, நாளைக்கு என்னையும் ஊசி போடச் சொல்வீங்க போலிருக்கு என்றான். ஏற்றடா என்றேன். ஏற்றினான். போகப் போக, வழக்கமாய் ஏறுகிறவர் ஒரு நாள் நிற்காவிட்டால் அவனே இறங்கிப் போய்த் தேட ஆரம்பித்தான்.

கரண்டு வைப்பதற்கு முன் அளவெடுப்பார்கள். கறையக்காவை ஓர் இருட்டறையில், மேலாடை இல்லாமல், கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க வைத்தார்கள். சிவப்பு நூல்போல வெளிச்சம் உடம்பின் மேல் விழுந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். ஊதா மையால் நெஞ்சிலும் விலாவிலும் கோடுகள் போட்டார்கள். கோடு அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த மெஷின் பெண் சொல்லியிருக்கிறது. நாள் முழுக்க எல்லாரிடமும் சொல்வதுபோல் மளமளவென்று சொல்லியிருக்கிறது. இவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எப்போது துணியை மூடுவார்கள் என்று கிடந்திருக்கிறாள். கூச்சத்தில் காது அடைத்துப்போனது என்று பிறகு சொன்னாள். கண்டிஷன் எழுதின அட்டை சுவரில் தொங்குகிறது. தொங்கி என்ன? அவளும் என்னைப்போலத்தான், எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஜாதி. அதுவும் அந்த நிலையில்.

திங்கட்கிழமை கரண்டு ஆரம்பம் என்று அனுப்பினார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தையல்கடைகளிலிருந்து தைத்து முடித்த துணி வரும். வெட்டுவதற்கும் தைப்பதற்கும் போட்ட கோடுகள் அதில் அப்படியே இருக்கும். அளவு எடுத்தாச்சு, தைத்தாச்சு, இனி கோட்டுக்கு என்ன வேலை? அதை எடுத்துச் சுத்தமாக்கி அனுப்ப வேண்டியது நாங்கள். கோட்டோடு உருப்படியைக் கொடுத்தால் தொழிலுக்கே அவமானம். கறையக்கா கையில் அப்படி ஆயிரக்கணக்கான கோடுகள் போயிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் தனியாக இருந்தாள். கண்ணாடியில் பார்த்தாள். அளவெடுத்து முடித்துவிட்டார்கள், நாளைக்குப் பெரிய மெஷினுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், இப்படிக் கிறுக்கலோடு போவதா என்று தோன்றியிருக்கிறது. சோப்புக்கு அந்த மை அசையவில்லை. அசையவில்லை என்றால் விடுகிறவளா அவள்? ஸ்பிரிட்டைத் தொட்டாள், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். ஆபரேஷன் தழும்புக்குப் பக்கத்தில் நெருப்பாய் எரிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி, எல்லாவற்றையும் எடுத்தாள்.

திங்கட்கிழமை நானும் வேனில் போனேன். விரிப்பு விஷயமாய் எனக்கு அங்கே பேச வேண்டியிருந்தது. வழியெல்லாம் கறையக்கா நன்றாகப் பேசிக்கொண்டு வந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே நின்றேன். கனத்த கதவு, இன்னும் மூடவில்லை. கோடு எங்கேக்கா என்று மெஷின் பெண் கேட்டது எனக்குக் கேட்டது. கறையக்கா குரலும் கேட்டது. டையை வெளுத்து மானேஜரிடம் நீட்டினபோது இருந்த அதே குரல்.

"சுத்தமா எடுத்துட்டேம்மா. ஒரு பொட்டுகூட இல்ல, பாரு."

 எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் நோயாளி ஏறுகிற முக்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தது. திட்டும் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அக்கா, அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மெஷின் அடிக்கணும். கோடு இல்லேன்னா எங்க அடிக்கிறதுன்னே தெரியாதுக்கா."

மறுபடி அளவெடுத்தால் போச்சு என்று நினைக்கலாம். அளவெடுக்கும் மெஷின் அன்றைக்குக் காலையில்தான் பழுதாகிப் படுத்திருந்தது. மாற்றுச் சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும். வந்தாலும், ஏற்கெனவே காத்திருப்பவர்கள் முடிந்த பிறகுதான் இவள்.

நான் நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். என் வார்த்தை செல்லாத இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. மெஷின் சரியானதும் இவளை முதலில் எடுங்கள், இந்த வருஷம் முழுக்க உங்கள் விரிப்பைச் சும்மாவே வெளுத்துத் தருகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. தூங்கி நாளான கண்கள். எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

"நீங்களே போய்ப் பாருங்க. இவங்களுக்காக யாரை நிறுத்தணும்னு கை காட்டுங்க. நிறுத்திடறேன்."

போனேன். பார்த்தேன். ஒருத்தர் பேச முடியாமல் சிலேட்டில் எழுதி மனைவியிடம் காட்டிக்கொண்டிருந்தார். மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. என் வேனில் வந்த ஒருத்தி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். தாழ்வாரத்தின் அந்தக் கோடி வரைக்கும் நடந்து திரும்பினேன். எத்தனையோ பேரை வேலையை விட்டு நிறுத்தினவன் நான். அன்றைக்குக் கை எழும்பவில்லை.

வேனில் வரும்போது கறையக்காவிடம் நடந்ததைச் சொன்னேன்.  நல்லவேளை கை காட்டாம வந்தீங்க அண்ணே, காட்டியிருந்தா அவங்க மூஞ்சிய நான் எப்படிப் பார்க்கிறது என்றாள். 

பாப்பா விடுதியிலிருந்து ஓடி வந்தது. உனக்கு யாரும்மா அழிக்கச் சொன்னா என்று ஒரே ஒரு தடவை கேட்டது. அப்படிக் கேட்டுவிட்டதற்கே டிரையர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அந்த இரைச்சலுக்குள் அழுதது. கறையக்கா தன் மேஜையில் உட்கார்ந்து ஒரு தலையணை உறையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே இருந்தாள். அதில் ஒன்றும் இல்லை.

சாமான் வருவதற்குள் மழைக்காலம் வந்து போய்விட்டது. இடையில் அவளுக்கு முதுகில் வலி கண்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. கடைசியில் கூப்பிட்டு அளவெடுப்பதற்கு முன் படம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. இனி கரண்டு வைப்பது வலி குறையத்தான், வேறு எதற்கும் இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எங்களுக்குத்தான் புரிய நேரமாயிற்று. அவளுக்கு உடனே புரிந்தது. என் வீட்டுக்காரியிடம் திரும்பி, "இனிமே வெளுக்காதாம் அண்ணி. மங்கலாக்கலாமாம்" என்றாள்.

இந்தத் தடவை முதுகில் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டை அவள் காத்ததைப்போல் நான் எந்தப் பொருளையும் காத்தது கிடையாது. ஈரத்துணியால் கழுத்தையும் காலையும் துடைத்துக்கொள்வாள், அவ்வளவுதான் குளியல். வியர்வை பட்டுவிடும் என்று மின்விசிறிக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பாள். முதுகை அவளால் பார்க்க முடியாது. யார் வந்தாலும், கோடு இருக்கா என்று திரும்பிக் காட்டுவாள்.

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் முறைக்காக உட்கார்ந்திருக்கும்போது ஒரு காரியம் செய்தாள். அளவெடுத்துவிட்டு வெளியே வரும் பெண்களைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைப்பாள். ஏய், உள்ள சொன்னது காதில விழுந்துச்சா? விழுந்திருக்காது, எனக்கும் விழல. கோட்டைத் தொடாதே. சோப்பு படக் கூடாது, தேய்க்கக் கூடாது. மங்கினா ஓடி வந்து சொல்லு. நான் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்ச மகராசி, என்னைப் பார்த்துக்கோ. சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள், கேட்கிறவர்களும் சிரித்துவிடுவார்கள். சிரித்தால் காது திறந்துகொள்ளும் போலிருக்கிறது. பிறகு மெஷின் பெண்ணே, புதிதாக வந்தவர்களை அந்தப் பெஞ்சுக்குப் போய் அந்த அக்காவைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அனுப்ப ஆரம்பித்தது. அவள் பேசி அனுப்பினவர்களில் ஒருத்திகூடக் கோடு இல்லாமல் வந்து நிற்கவில்லை என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னது. சொல்லும்போது அதற்குக் கண் கலங்கியது.

வலி கொஞ்சம் குறைந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் வேனில் ஏறி உட்காரவும் முடியவில்லை. வீட்டிலேயே படுத்தாள். பாப்பா தலைமாட்டில் உட்கார்ந்து கடைசிப் பரீட்சைக்குப் படித்தது. சத்தமாய்ப் படி என்பாள். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் நான் போயிருந்தபோது மகளைக் கடைக்கு அனுப்பினாள். அது படி இறங்கும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அண்ணே, நான் அழிச்சதாலதானா இது?"

இதையே நான் டாக்டரிடம் கேட்டிருந்தேன். முன்னாலேயே எலும்புக்குப் போயிருக்கலாம், அந்த இடைவெளியில் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றிருந்தார். வாழ்நாளில் நான் பதில் தேடித் தடுமாறினவன் இல்லை.

"உன் கை இல்லம்மா. இத்தனை ஊருக்கும் சேர்த்து ஒத்தை மெஷினை வச்சு, அது படுத்தா அத்தனை பேரும் படுக்கணும்னு விட்டாங்களே, அந்தக் கை."

என்னையே பார்த்தாள். "உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கும்ணே" என்றாள். நம்பினாளா இல்லையா, தெரியவில்லை. நான் சொன்னது மெய்யா, அவளைத் தேற்றுவதற்காகவா என்று கேட்டால், இரண்டும்தான்.

பரீட்சை முடிவு வருவதற்கு முன் போய்விட்டாள். பாப்பா நல்லபடியாகத் தேறியது. இப்போது ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறது. முதல் நாள் வேலைக்குப் போகும்போது என்னிடமும் என் வீட்டுக்காரியிடமும் சொல்லிக்கொண்டு போக வந்தது. நன்றாக இரு என்று சொல்ல வாயெடுத்து, என் வீட்டுக்காரி உள்ளே எழுந்து போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு மெஷின் வரப்போகிறது என்கிறார்கள். மனுப் போட்டவர்களில் நானும் ஒருத்தன், என் பெயர்தான் முதலில் இருக்கிறது. கட்டடத்துக்குப் பின்புறத்தில் அதற்கு அஸ்திவாரப் பள்ளம்கூடத் தோண்டிவிட்டார்கள். விரிப்பு கொண்டுபோகும்போதெல்லாம் இறங்கிப் போய் எட்டிப் பார்க்கிறேன். மழைத் தண்ணீர் நிற்கிறது.